பார்வையின்மை இறப்புக்குக் காரணம் ஆகுமா?

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டும், பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒவ்வொன்றைத் தாங்கிச் சென்றன. அண்டவெளியில் என்றேனும் எவரேனும் அதனைக் கண்டெடுத்தால், பூவுலகில் மனிதர் வாழ்ந்தனர் என்பதை அவர்களுக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். அறிவியலாளர் கார்ல் சேகன் தலைமையிலான குழு தெரிந்தெடுத்த 27 இசைப் பகுதிகள் அதில் உள்ளன. பாக், பீத்தோவன் ஆகியோரின் இசையும் நம் நாட்டின் கேசர்பாய் கேர்க்கரின் குரலும் இடம்பெற்ற அத்தட்டில், டெக்சாஸ் மாநிலத்தின் தெருமுனைகளில் நின்று பாடிய பார்வையற்ற போதகர் ஒருவரின் பாடலும் உண்டு. அவர் பெயர் வில்லி ஜான்சன். அப்பாடல் விண்ணுக்குப் புறப்பட்டபோது அவர் மறைந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இசைக் கலைஞர்களை நினைவுகூர வேறு இதழ்கள் உள்ளன. மருத்துவமனை இதழில் இவரைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்களை எழுதத் தூண்டியது அவருடைய இறப்புச் சான்றிதழ். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அவர் இறந்தார். இறப்புக்குக் காரணம் மலேரியாக் காய்ச்சல் என்று அச்சான்றிதழ் குறிப்பிடுகிறது. துணைக் காரணங்களாக மேக நோயும் பார்வையின்மையும் எழுதப்பட்டுள்ளன.

கண் மருத்துவத் துறையில் பணிபுரியும் எங்களுக்கு அந்தக் கடைசிச் சொல் உறுத்துகிறது. பார்வையின்மை எவருடைய இதயத்தையும் நிறுத்துவதில்லை. எவருடைய குருதியையும் நஞ்சாக்குவதில்லை. அது ஓர் உடல்நிலை. உயிரைப் பறிக்கும் நோயன்று. ஆயினும் பார்வையற்றவர்கள், பார்வையுள்ளவர்கள் பிழைத்திருக்கக்கூடிய நோய்களால் இறப்பதுண்டு. அதற்குக் காரணம் அவர்களுடைய கண்களில் இல்லை. அவர்களைச் சூழ்ந்துள்ளவர்களிடம் இருக்கிறது. இக்கட்டுரையில் நாங்கள் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே.

பாடியவரும் போதித்தவரும்

வில்லி ஜான்சன் 1897ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில், வறிய கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். ஐந்து வயதில், சுருட்டுப் பெட்டியைக் கொண்டு செய்த கிதார் ஒன்று அவர் கைக்கு வந்தது. அவர் வளர்ந்தது மார்லின் என்னும் சிற்றூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயங்களிலும், மற்ற நாள்களில் சந்தை கூடும் தெருக்களிலும் பாடினார். மக்கள் போடும் சில்லறையே வருமானம். அவர் பாடியவை பெரும்பாலும் இறைவனைப் பற்றிய நற்செய்திப் பாடல்களே. கேளிக்கை விடுதிகளில் பாடியிருந்தால் வருமானம் கூடியிருக்கலாம். அவர் அவ்வழியை நாடவில்லை.

1927 முதல் 1930 வரை, கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக டல்லஸ், நியூ ஆர்லியன்ஸ், அட்லாண்டா ஆகிய நகரங்களில் அவர் 30 பாடல்களைப் பதிவு செய்தார். கரடுமுரடான அடிக்குரலில் அவர் பாட, வில்லி பி. ஹாரிஸ் என்னும் பெண்மணி மென்குரலில் உடன் பாடிய பதிவுகள் பல. ஒரு பாடல் 1918ஆம் ஆண்டின் கொள்ளைநோயான இன்ஃபுளுயன்சா காய்ச்சலைப் பற்றியது. டைட்டானிக் கப்பல் மூழ்கியதை மற்றொரு பாடல் கூறுகிறது. தம் காலத்து மக்களின் அச்சத்தையும் ஆறுதலையும் அவர் ஒருசேரப் பாடினார் என்பதற்கு இவை சான்று.

விண்கலத்தில் சென்ற பாடலின் பெயர் ‘டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்’. இருண்ட இரவு, குளிர்ந்த தரை என்பது அதன் பொருள். கெத்செமனே தோட்டத்தில் இயேசு துயருற்று வேண்டிய இரவைப் பற்றிய பழைய துதிப்பாடல் ஒன்றிலிருந்து அத்தலைப்பு வந்தது. ஆனால் ஜான்சனின் பாடலில் சொற்களே இல்லை. கிதார் தந்திகளின் மீது கடினமான பொருளொன்றை வழுக்கிச் செல்லவிட்டு, அந்த ஓசையோடு தம் முனகலை இழைக்கிறார். நம் ஊரில் கோட்டு வாத்தியம் கேட்டவர்களுக்கு, சுரத்திலிருந்து சுரத்துக்கு இழுத்துச் செல்லும் அந்த நாதம் அந்நியமாகத் தோன்றாது. வலியோடு இருப்பவர் சொல்லுக்கு எட்டாததை முனகலாக வெளியிடுவதை மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் எவரும் அறிவர். மூன்றரை நிமிடங்களுக்குள் அமைந்த அப்பாடலைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த இரவுகளே நினைவுக்கு வருகின்றன.

1930க்குப் பிறகு அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார வீழ்ச்சியில் இசைத்தட்டு வணிகம் சரிந்தது. ஜான்சன் மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையவில்லை. தெருவிலும் தேவாலயத்திலும் பாடுவதையும் போதிப்பதையும் மட்டும் விடவில்லை. இறுதிக் காலத்தில் பியூமாண்ட் நகரில் ‘ஜெப வீடு’ ஒன்றை நடத்தினார். 1945ஆம் ஆண்டின் அந்நகர முகவரி நூலில் அவர் பெயர் போதகர் என்ற அடைமொழியோடு உள்ளது.

இசைத்தட்டுகளிலோ வேறோர் அடைமொழி இருந்தது. ‘பிளைண்ட் வில்லி ஜான்சன்’ என்றே அவற்றில் அச்சிடப்பட்டது. அக்காலத்தில் பார்வையற்ற பாடகர் பலருடைய பெயருக்கு முன்னும் அந்தச் சொல் சேர்க்கப்பட்டது. தம்மைப் போதகர் என்று கருதிய ஒருவரை உலகம் குருடர் என்றே முதலில் அழைத்தது. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அச்சொல்லே இறப்புச் சான்றிதழிலும் காரணமாக இடம்பெற்றது.

கண்ணில் விழுந்த காரம்

ஜான்சன் பிறவியிலேயே பார்வையற்றவர் அல்லர். அவர் சிறுவனாக இருந்தபோது, குடும்பச் சண்டை ஒன்றில் சிற்றன்னை வீசிய ‘லை’ கண்களில் பட்டுப் பார்வை போயிற்று என்று அவருடைய துணைவியார் ஏஞ்சலின் பிற்காலத்தில் கூறினார். ‘லை’ என்பது சவர்க்காரம் காய்ச்சுவதற்கு அந்நாட்டு வீடுகளில் வைத்திருந்த கடுங்காரம். நாம் காஸ்டிக் சோடா என்று வழங்குவது அவ்வகையைச் சேர்ந்ததே.

நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய அயல்நாட்டுச் செய்தி இது. ஆனால் கண் மருத்துவர்களுக்குப் பழங்கதை அன்று. நம் வீடுகளில் அதே தீங்கைச் செய்யக்கூடிய பொருள் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. சுண்ணாம்பும் காரமே. சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை விளையாட்டாக அழுத்தும்போது, அது வெடித்துக் கண்ணில் தெறிக்கிறது. வெள்ளையடிக்கும்போதும், கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்கும் தூளைக் கையாளும்போதும் இதே விபத்து நேர்கிறது.

கண்ணில் காரம் படுவது அமிலம் படுவதைவிடப் பெரும்பாலும் கொடியது. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து ஒரு தடுப்பு உண்டாகும். அது மேலும் உள்ளே செல்வது ஓரளவு தடைப்படும். காரமோ உயிரணுக்களின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு கருவிழியின் ஆழத்துக்கு ஊடுருவும். அதனால்தான் முதல் சில நிமிடங்கள் பார்வையின் தலைவிதியை முடிவு செய்கின்றன. குடும்பத்தார் பின்வருவனவற்றை மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

கண்ணில் சுண்ணாம்போ வேறு இரசாயனப் பொருளோ பட்டால், பட்ட இடத்திலேயே, அந்தக் கணமே தூய நீரால் கழுவத் தொடங்குங்கள். மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்பட வேண்டா. குழாய் நீரோ குவளை நீரோ எதுவானாலும் சரி. இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டு, குறைந்தது 15 முதல் 30 நிமிடங்கள் வரை இடைவிடாது ஊற்றுங்கள். குழந்தை அழுது திமிறினாலும் நிறுத்த வேண்டா. கண்ணைக் கசக்க விடாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெண்ணெய் எதையும் விடாதீர்கள். ஒரு பொருளின் வீரியத்தை முறிக்க அதற்கு மாறான பொருளை ஊற்றுவதும் தவறு. நன்கு கழுவிய பிறகே, கண்ணில் பட்ட பொருளின் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் விரையுங்கள். அங்கே கண்ணின் காரத்தன்மை சோதிக்கப்படும். அது இயல்புநிலைக்கு வரும்வரை மீண்டும் கழுவுவார்கள். இமையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்ட துகள்களை அகற்றுவார்கள்.

விலையில்லாத தண்ணீர்தான் இங்கே முதல் மருந்து. அதை உடனே ஊற்றத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதே பெரும்பேறு.

மூடிய கதவு

1945ஆம் ஆண்டில் ஜான்சனின் வீடு தீப்பற்றி எரிந்தது. போக்கிடம் இல்லாமையால் அந்தச் சிதைவிலேயே அவரும் ஏஞ்சலினும் தங்கினர். ஈரமான படுக்கையின் மீது செய்தித்தாள்களை விரித்துப் படுத்ததாக ஏஞ்சலின், 1950களில் தம்மைத் தேடிவந்த இசை ஆய்வாளர் சாமுவேல் சார்ட்டர்சிடம் கூறினார். காய்ச்சல் கண்ட கணவரை மருத்துவமனை ஏற்கவில்லை என்றும், அவர் பார்வையற்றவர் என்பதே அதற்குக் காரணம் என்றும் அவர் சொன்னார். கறுப்பினத்தவர் என்பதால்தான் ஏற்கவில்லை என்று கருதுவோரும் உளர். நிறத்தின் பெயரால் மருத்துவமனைகளும் பள்ளிகளும் பிரிக்கப்பட்டிருந்த நாடு அது. இரண்டு காரணங்களில் எது முந்தியது என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. உள்ளே அனுமதிக்கப்பட வேண்டிய நோயாளி வெளியே நின்றார் என்பதே நம் கவனத்துக்குரியது.

மருத்துவ நோக்கில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஈரப் படுக்கையால் மலேரியா வருவதில்லை. அனாபிலிஸ் கொசுக் கடிப்பதால் வருகிறது. ஆனால் சுவரும் கதவும் எரிந்துபோன வீட்டில் கொசுவைத் தடுக்க என்ன இருக்கும்? மலேரியாவுக்கான குயினைன் மருந்தோ அவர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே வழக்கில் இருந்தது. ஆகவே அவருக்கு வந்தது மருந்தில்லாத நோயன்று. மருந்து இருந்த உலகில், மருந்து இருந்த இடத்துக்குள் அவருக்கு வழி இல்லாமற்போயிற்று. இறப்புச் சான்றிதழை நாங்கள் எழுதியிருந்தால் துணைக் காரணங்களின் வரிசையில் வறுமையும் புறக்கணிப்பும் வந்திருக்கும். படிவத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஆகவேதான் பார்வையின்மை பழியைச் சுமந்தது.

திறமை தகுதிச் சான்று அன்று

இவ்வாறான மனிதர்களை நினைவுகூரும்போது பலரும் ஒரு முடிவுக்கு வருவர்: “பார்வை இல்லாவிட்டாலும் எவ்வளவு பெரிய கலைஞர்! இவரையா திருப்பி அனுப்பினார்கள்!” நல்லெண்ணத்தில் எழும் வியப்புதான். எனினும் அதில் ஓர் ஆபத்து உள்ளது. பெரிய கலைஞர் என்பதால்தான் அவருக்குக் கட்டில் கொடுத்திருக்க வேண்டுமா? பாடத் தெரியாத, போதிக்கத் தெரியாத, எவரும் அறியாத பார்வையற்றவர் ஒருவர் அதே காய்ச்சலோடு வந்திருந்தால் திருப்பி அனுப்பியது முறையாகிவிடுமா?

மாற்றுத்திறனாளிகளைச் சாதனையாளர்களாக மட்டுமே பாராட்டும் வழக்கம் நம்மிடமும் உண்டு. மேடையில் பாடும் பார்வையற்ற இளைஞரைக் கைதட்டி வாழ்த்துகிறோம். அதே இளைஞர் புறநோயாளர் பிரிவில் சீட்டுப் பதிய வந்தால், “கூட யாரும் வரலையா?” என்று சலித்துக்கொள்கிறோம். கைதட்டலைவிட அவருக்கு அன்றைக்குத் தேவைப்படுவது வரிசையில் ஓர் இடமும் பொறுமையான பதிலும்தான். சிகிச்சை பெறுவதற்கு எவரும் தம் திறமையை நிறுவ வேண்டியதில்லை. உடல் நலிந்திருக்கிறது என்பது ஒன்றே போதும்.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25ஆம் பிரிவில், மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் சென்றுவரும் வசதியையும், கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமையையும் வழங்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது. தனியார் மருத்துவமனைகளும் இதில் அடங்கும். கருணைக்காக அன்று, உரிமையாகவே கேட்கலாம்.

நாளைக் காலை செய்யக்கூடியவை

சட்டம் கதவைத் திறந்துவைக்கும். உள்ளே வந்தபின் நிகழ்பவை மருத்துவர், செவிலியர், உறவினர் ஆகிய நம் கையில் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

பார்வையற்ற நோயாளியிடம் நேரே பேசுங்கள். “இவருக்கு என்ன செய்கிறது?” என்று உடன் வந்தவரைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. வலி யாருக்கோ அவரே சொல்லட்டும். உறவினர்களும் அவசரப்பட்டு முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டா.

அருகில் வரும்போது பெயரையும் பணியையும் சொல்லுங்கள். போகும்போது போவதாகச் சொல்லுங்கள். தொடுவதற்கு முன்பும், ஊசி போடுவதற்கு முன்பும் வாயால் அறிவியுங்கள். திடீரென்று தோளில் படும் கை, பார்க்க இயலாதவருக்கு எத்தகைய அதிர்ச்சி தரும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.

நடத்திச் செல்லும்போது அவரைப் பிடித்துத் தள்ளாதீர்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரையடி முன்னே நடங்கள். படிகள் வந்தால் ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லுங்கள். படுக்கைக்கு வந்ததும் அழைப்பு மணி, தண்ணீர், கழிப்பறை ஆகியவை எந்தப் பக்கம், எத்தனை எட்டில் உள்ளன என்பதை ஒருமுறை உடன் நடந்து காட்டுங்கள். அவருடைய கைத்தடியையும் செருப்பையும் இடம் மாற்றாதீர்கள். துப்புரவுக்காக நகர்த்தினால் அதே இடத்தில் திரும்ப வையுங்கள். கட்டிலருகே விழுந்து இடுப்பெலும்பு முறிவதைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை.

உணவுத் தட்டில் சோறு, குழம்பு, பொரியல் எங்கெங்கே உள்ளன என்பதைக் கடிகார முகத்தைப் போல, மூன்று மணிப் பக்கம், ஆறு மணிப் பக்கம் என்று சொல்லலாம். மருந்துக் குப்பிகளை அடையாளம் காண ரப்பர் வளையம் போதும்: காலை மருந்துக்கு ஒன்று, இரவு மருந்துக்கு இரண்டு. சொட்டு மருந்தையும் காதுக்குரிய மருந்தையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

ஒப்புதல் படிவத்தை முழுமையாகப் படித்துக் காட்டுங்கள். “இங்கே கைநாட்டு வைங்க” என்று விரலைப் பிடித்து அழுத்துவது ஒப்புதல் ஆகாது. முடிவு அவருடையது, குடும்பம் துணை நிற்கலாம், பதிலாக நிற்க முடியாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். ‘கண்ணு தெரியாதவர்’ என்றோ, படுக்கை எண்ணைச் சொல்லியோ அழைப்பது, அந்தப் பழைய இசைத்தட்டு நிறுவனம் செய்ததைப் போன்றதே. மருத்துவக் குறிப்பேட்டில் பார்வையின்மையைக் குறிக்கத்தான் வேண்டும். உரிய உதவி கிடைப்பதற்கு அது தேவை. உதவிக்காக எழுதும் அக்குறிப்பு ஆளின் பெயராக மாறிவிடக் கூடாது.

பார்வையற்ற வாசகர்களுக்கும், இதனை அவர்களுக்குப் படித்துக்காட்டும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேற்சொன்னவற்றில் ஏதேனும் இம்மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைக்கவில்லையானால் வாய்விட்டுக் கேளுங்கள். செவிலியரிடம் கேளுங்கள், எங்களிடம் கேளுங்கள். காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால், அழைத்துச் செல்ல ஆள் இல்லையே என்று வீட்டிலேயே காத்திராமல் 108க்கு அழையுங்கள். பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாதென்று வலியைப் பொறுத்துக்கொண்டு தாமதமாக வருவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். உங்களால் எவருக்கும் தொந்தரவு இல்லை. உங்களுக்காகத்தான் இக்கட்டடம் இருக்கிறது.

பியூமாண்ட் நகரில் ஜான்சனின் ஜெப வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு தேவாலயம் உள்ளது. அங்கே 2010ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் வரலாற்று நினைவுப் பலகை நிறுவப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அவருடைய பாடல் சேர்க்கப்பட்டது. அவர் பாடலைத் தாங்கிய வாயேஜர் 1, 2012ஆம் ஆண்டில் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியை அடைந்தது. இத்தனை சிறப்பும் நியாயமானதே. ஆனால் 1945ஆம் ஆண்டு செப்டம்பரில் அவருக்குத் தேவைப்பட்டவை ஓர் உலர்ந்த கட்டில், ஒரு கொசுவலை, சில நாள் மருந்து, தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு செவிலியர். அவற்றைத் தரும் வாய்ப்பு இன்று நமக்கு இருக்கிறது.